டாஃபோடிலா, நர்கிஸா, மழை லில்லியா: எங்கள் மலையில் எதை நடுவது?

செப்டம்பர் பிறந்தால் ஒரே கேள்வி மூன்று ஊர்களிலிருந்து வந்துவிடுகிறது. மூணாறுக்கு மேலே தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருக்கும் ஓர் அக்கா, "வாசலில் இரண்டு முழம் இடம் கிடக்கிறது தம்பி, டாஃபோடில் வைத்தால் வருமா?" என்கிறார். மறையூரில் கரும்புக் காட்டை ஒட்டி வீடு கட்டியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், முப்பது ஆண்டுகள் பாடப்புத்தகத்தில் சொல்லிக்கொடுத்த பூவை ஒரு முறையாவது தன் மண்ணில் பார்த்துவிட வேண்டும் என்கிறார். உடுமலையில் இருக்கும் சித்தப்பா மகள், இணையத்தில் கிழங்கு விற்பவர்களின் படத்தை அனுப்பி, "அண்ணா, வாங்கட்டுமா வேண்டாமா?" என்று கேட்கிறாள்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இருவருடைய பணம் வீணாகும். உடுமலையில் பஸ் ஏறினால் சின்னாறு, மறையூர் வழியாக அரை நாளில் மூணாறு வந்துவிடலாம். ஆனால் அந்த அரை நாளில் நாம் 400 மீட்டருக்கும் குறைவான உயரத்திலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குளிர் கூடும். மழைக் கணக்கும் அப்படித்தான் மாறுகிறது. மூணாறில் ஜூன் முதல் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, முகட்டைத் தாண்டி மறையூர்ப் பக்கம் இறங்கும்போது வெறும் தூறலாகிவிடுகிறது. சின்னாற்றில் ஆண்டு முழுவதும் எண்ணினாலும் மழை நாள்கள் ஐம்பதைத் தொடாது. பெய்வதும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான்.

நான் மறையூருக்கு மேலே காந்தளூரில் பூண்டு போடுகிறவன். பூண்டுப் பாத்தியின் ஓரத்தில் கிழங்குப் பூக்களை வைத்து, சிலவற்றை அழுகக் கொடுத்து, சிலவற்றைப் பூக்க வைத்துக் கற்றுக்கொண்டதை வைத்தே இதை எழுதுகிறேன். டாஃபோடிலும் பூண்டும் இன்றைய தாவரவியல் வகைப்பாட்டில் ஒரே குடும்பம். பூண்டு நன்றாகப் பல் பிரிய வேண்டுமென்றால் குளிர் பட வேண்டும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்த அறிவு இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எதைப் பார்த்து முடிவெடுப்பது

எல்லோரும் பூவின் படத்தைப் பார்த்துக் கிழங்கு வாங்குகிறார்கள். நான் முதலில் பார்ப்பது கிழங்கின் தூக்கத்தை. இந்தச் செடிகள் எல்லாமே ஆண்டில் சில மாதம் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்கடியில் உறங்குகின்றன. அந்த உறக்கம் உங்கள் ஊரின் எந்தப் பருவத்தில் விழுகிறது? அப்போது மண் ஈரமா, காய்ச்சலா? உறங்கும் கிழங்கின் மேல் இரண்டு மாதம் மழை நின்றால் அடித்தட்டு அழுகிவிடும். சூடும் ஈரமும் சேர்ந்த மண்ணில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை, வேர் புறப்படும் தட்டிலிருந்து மேல்நோக்கித் தின்றுகொண்டே போகும். கிழங்கைக் கையில் எடுத்து அடியை அழுத்தினால் பழுத்த கொய்யாவைப் போல் கட்டைவிரல் உள்ளே இறங்கும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை, தோண்டி எடுத்து எரிப்பதைத் தவிர.

இரண்டாவது, பூ வருவதற்குக் கிழங்கு எவ்வளவு குளிர் கேட்கிறது என்பது. மூன்றாவது, அடுத்த ஆண்டும் அதே கிழங்கு பூக்குமா, மறுபடியும் காசு கொடுக்க வேண்டுமா என்பது. நான்காவது, வீட்டில் சின்னக் குழந்தைகள், ஆடு மாடு இருக்கின்றனவா என்பது. இந்த நான்கும் தெரிந்தால் போதும். நிறம், வாசம் எல்லாம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பெரிய மஞ்சள் டாஃபோடில்

ஆசிரியர் கேட்பது இதைத்தான். ஒரு தண்டுக்கு ஒரே பூ, ஆறு இதழ், நடுவில் எக்காளம் போல நீண்ட குழல். 1899இல் அறிமுகமான 'கிங் ஆல்ஃப்ரட்' இதில் மிகப் பெயர் பெற்றது. இன்று அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் அதன் சாயலில் வந்த 'டச் மாஸ்டர்' போன்ற பிந்தைய வகைகள். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். பூ நன்றாகவே இருக்கும்.

இதன் தாய்வீடு ஐரோப்பா. டாஃபோடில் சேர்ந்த தாவரப் பேரினத்துக்கு நார்சிசஸ் என்று பெயர். குறிப்பாக ஸ்பெயினும் போர்த்துகலும் சேர்ந்த தீபகற்பத்தில்தான் அதன் இனங்கள் மிகுதி. கிழங்குக்குள் மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். ஆனால் அந்த மொட்டு தண்டோடு மேலே எழும்ப, 12 முதல் 16 வாரம் 9 டிகிரிக்குக் கீழான குளிரில் கிழங்கு கிடக்க வேண்டும். மூணாறில் தை மாதம் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிவதைப் பார்த்து, "இந்தக் குளிர் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. அது விடியற்காலை இரண்டு மூன்று மணி நேரக் குளிர். பகலில் வெயில் ஏறியதும் மண் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரு ஜனவரியில் என் பாத்தியில் ஒரு சாண் ஆழத்துக்கு வெப்பமானியைக் குத்தி வைத்துப் பார்த்தேன். புல்லில் காலை வைத்தால் விறைக்கும் அதிகாலையிலும் உள்ளே 13 டிகிரி, மாலையில் 16. கிழங்கு கிடப்பது அந்த ஆழத்தில்தான், புல்லின் மேல் இல்லை.

ஆகவே நம் பக்கத்தில் இதற்கு ஒரே வழி ஃபிரிட்ஜ். செப்டம்பர் பாதியில் கிழங்கு கைக்கு வந்துவிட வேண்டும். காகிதப் பையிலோ வெங்காயம் வரும் வலைப்பையிலோ போட்டு, உறைபெட்டிக்கு எட்டத்தில் வைக்க வேண்டும். செப்டம்பர் 15இல் வைத்தால் 14 வாரம் கழித்து டிசம்பர் 22. அன்று எடுத்து உடனே மண்ணில் நட்டுவிட வேண்டும். நாலு நாள் வெளியில் வைத்து ஆறவிடக் கூடாது. கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ பூ. இந்தக் கணக்கில் ஒரு வசதி உண்டு: வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் கிழங்கு பத்திரமாக ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது. வெளியே வரும்போது மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, ஆண்டிலேயே குளிர்ந்த வாரங்கள் தொடங்குகின்றன.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, ஃபிரிட்ஜில் பழம் வைக்க முடியாது. ஆப்பிள், தக்காளி, வாழை, பேஷன் ஃப்ரூட் எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அது கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். எங்கள் ஊரோ ஆப்பிள் விளையும் ஊர். முதல் ஆண்டு நான் இருபது கிழங்குகளைக் காய்கறித் தட்டில் வைத்து, பக்கத்திலேயே தோட்டத்தில் கடைசியாகப் பறித்த ஆப்பிள்களையும் வைத்தேன். நட்டபின் இலை முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று வந்தது. பிப்ரவரி போய் மார்ச் வந்தது, பூ இல்லை. ஒரு கிழங்கைத் தோண்டி, நீளவாக்கில் கத்தியால் பிளந்தேன். வெங்காயம் போல அடுக்கடுக்கான வெள்ளைச் செதில். நட்ட நடுவில் ஒரு நெல் அளவுக்கு மொட்டு, பழுப்பாக, தொட்டால் பொடியும் காகிதமாகக் காய்ந்திருந்தது. இருபதும் அப்படித்தான். பத்துக் கிழங்கு 600 ரூபாய் என்று வாங்கியவை.

இரண்டாவது செலவு மின்சாரம். மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போனால் உங்கள் குளிர்க்கணக்கு குலைகிறது. அப்படிப் போனால் இரண்டு வாரம் கூடுதலாக வைப்பது நல்லது.

மூன்றாவதுதான் பெரிது. பூ முடிந்த பின் இலை குறைந்தது ஆறு வாரம் பச்சையாக நின்று, அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கில் சேர்க்க வேண்டும். குளிர் நாடுகளில் அந்த ஆறு வாரம் இளவேனில். நம்மிடம் அது மாசி, பங்குனி வெயில். இலை சீக்கிரம் பழுத்துச் சாய்ந்துவிடுகிறது. கிழங்கு மெலிந்து இரண்டாகப் பிரிகிறது. நான் அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைத்த கிழங்குகளில் ஒன்றுகூட உருப்படியாகப் பூத்ததில்லை. ஆகவே இதை ஓராண்டுப் பூவாகவே கருதி, ஒவ்வோர் ஆண்டும் கிழங்கு வாங்கும் மனம் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

அப்படியானால் யாருக்கு இது? 1,400 மீட்டருக்கு மேல் வீடும், ஃபிரிட்ஜில் மூன்றரை மாதத்துக்கு ஒதுக்கத்தக்க ஒரு தட்டும், அந்தப் பூவின் மேல் பல நாள் ஆசையும் உள்ளவர்களுக்கு. மறையூர் ஆசிரியர் 1,000 மீட்டரில் இருக்கிறார். அவர் தரையில் நடாமல் பத்துக் கிழங்கைத் தொட்டியில் நட்டு, காலை வெயில் மட்டும் படும் கிழக்குத் திண்ணையில் வைத்தால் பூவைப் பார்க்கலாம். தண்டு சற்றுக் குட்டையாக வரும். சூட்டில் பூ ஒரு வாரம் நின்றால் அதிகம். முப்பது ஆண்டு காத்திருந்தவருக்கு அந்த ஒரு வாரம் பெரிதுதான். அவரை நான் தடுக்கவில்லை.

நர்கிஸ் வகை

கடைகளில் 'பேப்பர்ஒயிட்' என்றும் 'டசெட்டா' என்றும் பெயர் போட்டு விற்பவை. டாஃபோடிலின் உடன்பிறப்புகள்தான், அதே நார்சிசஸ் பேரினம். ஒரு தண்டில் ஐந்து, பத்து என்று கொத்தாகச் சின்னப் பூக்கள். காஷ்மீரில் யெம்பர்ஸல் என்றும் வடக்கே நர்கிஸ் என்றும் அழைக்கிறார்கள். உருதுக் கவிஞர்கள் கண்ணுக்கு உவமை தேடியபோது போய் நின்றது இந்தப் பூவிடம். வெள்ளை இதழின் நடுவே மஞ்சள் கிண்ணம் வைத்திருப்பது ஒன்று. முழு வெள்ளை பேப்பர்ஒயிட். மஞ்சள் இதழில் ஆரஞ்சுக் கிண்ணம் வைத்த 'கிராண்ட் சொலே தோர்' இன்னொன்று. மஞ்சள்தான் வேண்டும் என்பவர்கள் இந்தக் கடைசிப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மலைக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். காரணம், இந்தக் கொத்துப்பூ வகைகள் மத்தியதரைக் கடலோரத்தின் இதமான குளிர்காலத்தில் வளர்ந்து பழகியவை. ஃபிரிட்ஜ் தேவையில்லை. குளிர் கேட்பதற்குப் பதில், உறங்கும் காலத்தில் சூடும் காய்ச்சலும் கேட்கின்றன. தோண்டி எடுத்த கிழங்கு 25 முதல் 30 டிகிரிச் சூட்டில் காற்றோட்டமாகக் கிடந்தால்தான் உள்ளே மொட்டு உருவாகிறது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையைச் சொல்ல வேண்டும். காந்தளூரிலும் வட்டவடையிலும் பூண்டை எடுத்ததும் தாளோடு கற்றை கட்டி, விறகடுப்புக்கு மேலே மூங்கிலில் தொங்கவிடுவது வழக்கம். புகை ஏறி, தோல் கறுத்து, அடுத்த விதைப்பு வரை கெடாமல் நிற்கும். நர்கிஸ் கிழங்கை எங்கே காயப்போடுவது என்று இடம் தேடிய ஆண்டு, அம்மா அதையும் ஒரு பையில் கட்டி அதே மூங்கிலின் மறுமுனையில் தொங்கவிட்டார். அந்த ஆண்டு பூ முன்னதாகவும் மிகுதியாகவும் வந்தது. காரணம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: இங்கிலாந்துக்குத் தென்மேற்கே சில்லித் தீவுகளில் 'சொலே தோர்' பூவைச் சீக்கிரம் வெட்டி விற்பதற்காக, உறங்கும் பாத்திகளின் மேல் பாலித்தீன் விரித்து உள்ளே புகை போடுவார்களாம். புகையில் இருக்கும் எத்திலீன்தான் மொட்டைத் தூண்டுகிறது. ஆப்பிள் வழியாக வந்து என் இருபது டாஃபோடிலையும் கொன்ற அதே வாயு. உருவாகி முடிந்த மொட்டுக்கு அது நஞ்சு. உருவாகப் போகும் நர்கிஸ் மொட்டுக்கு அது எழுப்பும் குரல். அம்மாவுக்கு இந்த வேதியியல் தெரியாது. பூண்டுக்கு நல்லது இதற்கும் நல்லதாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

நடவுக்கு ஐப்பசியின் பெருமழை சற்று ஓய்ந்த நாள் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 14 சென்டிமீட்டருக்குக் குறையாத கிழங்காக வாங்கினால் முதல் ஆண்டே கொத்து வரும். மேட்டுப்பாத்தியில் நாலு விரல் ஆழம், கிழங்குக்குக் கிழங்கு ஒரு கை அகலம். படிப்படியாக வெட்டிய நிலம் உள்ளவர்கள் கல்கட்டின் விளிம்பை ஒட்டி நடுங்கள். தண்ணீர் அங்கே நிற்காது. புதுச் சாணம் போடவே கூடாது. மட்கியதும் சாம்பலும் போதும். பேப்பர்ஒயிட் நட்டு ஐந்து, ஆறு வாரத்தில் பூத்துவிடும். நவம்பர் 12, 15 வாக்கில் நடுங்கள், கிறிஸ்துமஸுக்குப் பீடத்தில் வைக்கலாம். மற்ற இரண்டும் இன்னும் சில வாரம் எடுக்கும். பொங்கலை ஒட்டி வரும்.

இலை பழுத்துச் சாய்ந்த பின், சித்திரை வெயிலில் தோண்டி எடுக்க வேண்டும். மூணாறு, தேவிகுளம் பக்கத்தில் இதைத் தவறவே விடக் கூடாது. ஜூன் மழை வந்துவிட்டால் கிழங்கு போயிற்று. மறையூர், காந்தளூர் மழைமறைவுப் பகுதி என்பதால் நல்ல மேட்டுப்பாத்தியில் மண்ணிலேயே விட்டுவைக்கலாம். நான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் தோண்டுகிறேன். ஒன்று மூன்றாகப் பெருகியிருக்கும். கிழங்கு வாங்கிய செலவு அப்படித்தான் ஈடாகிறது.

குறை இல்லாமல் இல்லை. பேப்பர்ஒயிட்டின் வாசம் கனமானது. திறந்த வெளியில் இனிமை. மூடிய அறையில் சிலருக்குத் தலை வலிக்கும். என் மனைவி அதை வீட்டுக்குள் வைக்க விடுவதில்லை. மஞ்சள் கிண்ணம் உள்ள நர்கிஸ் மென்மையானது, அதை விடுகிறார். இன்னொன்று: பூ முடிந்து இலை பழுக்கும் இரண்டு மாதம் பாத்தி பார்ப்பதற்கு நன்றாக இருக்காது. அழகுக்காக இலையை முடிச்சுப் போடுகிறவர்கள், அறுத்துவிடுகிறவர்கள் அடுத்த ஆண்டுப் பூவை அறுக்கிறார்கள். முன்னால் கொத்தமல்லியோ சாமந்தியோ வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். உறைபனி விழும் உயரத்தில் இளந்தளிர் கருகும். அங்கே தொட்டியில் நட்டு இறவாணத்துக்கு அடியில் வைப்பது மேல்.

மழை லில்லி

உடுமலைத் தங்கைக்கு இது. டாஃபோடில் படத்தைக் காட்டியவளுக்கு இதைச் சொன்னதும் முகம் வாடியது தொலைபேசியிலேயே தெரிந்தது. ஆனாலும் 400 மீட்டருக்குக் கீழே சமவெளி வெயிலில், ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த டாஃபோடில் நட்டால், பூக்கும் முன்பே மண்ணின் சூட்டில் மொட்டு கருகிப்போகும். நர்கிஸ் தொட்டியில் ஒரு முறை பூக்கும், மறுமுறை சந்தேகம்.

மழை லில்லியும் டாஃபோடில் குடும்பம்தான். வந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து. இருந்தாலும் நம் ஊர் வாசல்களில் இளஞ்சிவப்பு லில்லியாக எப்போதோ குடியேறிவிட்டது. மஞ்சள் வகைக்கு 'சிட்ரினா' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு சாண் உயரத் தண்டில் ஒற்றைப் பூ, எலுமிச்சை மஞ்சள், ஆறு இதழ். குழல் மட்டும் இருக்காது. வறண்டு கிடந்த மண்ணில் ஒரு நல்ல மழை விழுந்தால் நாலைந்து நாளில் பாத்தி முழுக்க ஒன்றாகத் திறக்கும். ஒரு பூ ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அடுத்த மழைக்கு அடுத்த அணி. ஆண்டில் பல முறை இப்படி வரும்.

இதன் தூக்கம் நம் வறட்சியோடு பொருந்துகிறது. தோண்ட வேண்டாம், காயவைக்க வேண்டாம். மஞ்சள் வகை விதையும் போடும். காகிதம் போன்ற கறுப்பு விதையைத் தூவினால் ஓரிரு ஆண்டில் பூ. பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு கைப்பிடி கிழங்கு சும்மாவே கிடைக்கும். மறைந்திருக்கும் செலவு என்று தேடினால் ஒன்றுதான்: பாத்தியை விட்டு வெளியே பரவும், அவ்வப்போது கலைத்துவிட வேண்டும்.

பெரிய பூ கண்ணில் பட வேண்டும் என்றால் ஊரில் ஈஸ்டர் லில்லி என்று சொல்லும் சிவப்பு அமரில்லிஸையும் சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் இதே குடும்பம். சமவெளியிலும் மலையிலும் குறை சொல்லாமல் பூக்கும்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பெரிய டாஃபோடில் | நர்கிஸ் வகை | மழை லில்லி |
|---|---|---|---|
| ஏற்ற உயரம் | 1,400 மீட்டருக்கு மேல். 1,000 மீட்டரில் தொட்டியில் | 1,000 மீட்டருக்கு மேல் | எங்கும் |
| குளிர் | 12–16 வாரம் ஃபிரிட்ஜில் | தேவையில்லை | தேவையில்லை |
| நடவு | டிசம்பர் கடைசி | அக்டோபர் கடைசி, நவம்பர் | எப்போதும் |
| பூ | ஜனவரி கடைசி, பிப்ரவரி | டிசம்பர், ஜனவரி | மழைக்குப் பின் |
| அடுத்த ஆண்டு | புதுக் கிழங்கு வாங்க வேண்டும் | அதே கிழங்கு, பெருகும் | அதே கிழங்கு, பரவும் |
| ஆளைக் கவிழ்ப்பது | ஃபிரிட்ஜில் பழம், மின்வெட்டு | ஜூன் மழை | வேலிக்கு வெளியே பரவுவது |

கிழங்கு வாங்கும் முன் மூன்று எச்சரிக்கை

இதில் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது என்பதற்காகத் தனியாக எழுதுகிறேன். மூன்று செடியின் கிழங்கிலும் நஞ்சு உண்டு. டாஃபோடிலிலும் நர்கிஸிலும் இருப்பது லைகோரின். தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். வேகவைத்தாலும் போகாது. 2009இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில், வெங்காயம் என்று நினைத்து டாஃபோடில் கிழங்கைச் சூப்பில் போட்டுக் குழந்தைகள் நோய்ப்பட்டார்கள். 2015இல் அந்த நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை, டாஃபோடிலைக் காய்கறிகளின் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று பல்பொருள் அங்காடிகளைக் கேட்டுக்கொண்டது. அவர்கள் ஊரில் டாஃபோடில் எல்லோருக்கும் தெரிந்த பூ, அங்கேயே அப்படி. எங்கள் ஊரில் பூண்டுத் தாளைக் கிள்ளிக் குழம்பில் போடும் பழக்கம் இருக்கிறது. நர்கிஸ் இலை பூண்டுத் தாளைப் போலவே தட்டையாக நீண்டிருக்கும். கசக்கிப் பார்த்தால் பூண்டு வாசம் வராது. ஒரே அடையாளம் அதுதான். அவசரச் சமையலில் அதை யார் பார்ப்பார்கள்? ஆகவே நான் பூண்டுப் பாத்திக்கும் நர்கிஸ் பாத்திக்கும் நடுவே இப்போது ஒரு வரப்பு முழுதும் விட்டிருக்கிறேன். அடுப்புக்கு மேலே மூங்கிலில் தொங்கிய கிழங்குப் பையும் இப்போது சிவப்புத் துணிப் பை, பூண்டின் பக்கத்தில் இல்லாமல் எதிர்ச்சுவர் ஆணியில். பூ பறிக்கும்போது தண்டிலிருந்து வடியும் கொழகொழப்பான சாறு சிலருக்குக் கையில் அரிப்பைக் கொடுக்கும், கையுறை போடுங்கள். அந்தச் சாறு குவளையில் சேர்ந்து வைத்த ரோஜாவையும் வாடவைக்கும். முதல் நாள் தனித் தண்ணீரில் வைத்துவிட்டு மறுநாள் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது காட்டுப்பன்றி. நஞ்சு இருப்பதால் பன்றி தொடாது என்று சொல்லி விற்கிறார்கள். என் பாத்தியில் பன்றி கிழங்கைத் தின்னவில்லை என்பது உண்மை. ஆனால் மண்புழு தேடி மூக்கால் உழுது, நாற்பது கிழங்கையும் மண்ணுக்கு மேலே புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. சாணம் போட்ட மண்ணில் புழு மிகுதி, பன்றியும் அங்கேதான் வரும். வேலி இல்லாதவர்கள் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் கிழங்கு போட்டுக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கிழங்கு கொண்டுவர முடியாது. காகித வேலை என்று இதை ஒதுக்க முடியாது. கிழங்கோடு வரும் புழுவும் பூஞ்சையும் அடுத்த பாத்தியில் இருக்கும் பூண்டுக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு ஊரின் பிழைப்பே கெடும். முறையாக இறக்குமதி செய்து இங்கே விற்பவர்களிடம் செப்டம்பரில் வாங்குங்கள். டிசம்பரில் பாதி விலைக்குத் தள்ளிவிடும் கிழங்கைத் தொடாதீர்கள். டாஃபோடிலாக இருந்தால் குளிர்க்கணக்குக்கு நாள் மிச்சம் இராது.

மூவருக்கும்

ஆசிரியர் ஐயாவுக்கு: பத்து டாஃபோடில் தொட்டியில், இருபது நர்கிஸ் தரையில். முதலாவதை ஒரே ஆண்டு செய்து ஆசை தீருங்கள். இரண்டாவது உங்கள் தோட்டத்தில் தங்கிவிடும். மறையூரின் வறண்ட கோடை நர்கிஸுக்கு எங்கள் அடுப்பங்கரையைவிட நல்ல இடம்.

தங்கைக்கு: அந்தப் படத்தை மறந்துவிடு. மஞ்சள் மழை லில்லி ஐம்பது கிழங்கு வாங்கி, துளசி மாடத்தைச் சுற்றி நெருக்கமாக நடு. சித்திரை மழை விழுந்த ஐந்தாம் நாள் எனக்குப் படம் அனுப்பு.

லயத்து அக்காவுக்கு: உங்கள் வாசலில் மழை நீர் நிற்கும் என்று சொன்னீர்கள். தரையை விட்டுவிடுங்கள் அக்கா. பேப்பர்ஒயிட் ஐந்து கிழங்கு போதும். அகலமான ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று விரல் உயரத்துக்கு ஆற்றுக் கூழாங்கல் போட்டு, கிழங்கை நெருக்கி உட்காரவைத்து, அடி மட்டும் நனையும்படி தண்ணீர் ஊற்றுங்கள். கிழங்கின் உடம்பில் தண்ணீர் ஏறினால் அழுகும். வேர் கல்லைப் பிடித்து, தளிர் மூன்று நான்கு விரல் வந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துச் சொன்ன முறை இது. தண்டு மூன்றில் ஒரு பங்கு குட்டையாகும், பூவின் அளவு குறையாது, சாய்ந்து விழாது. இப்படித் தண்ணீரில் பூத்த கிழங்கு மறுமுறை பூக்காது. அதை மட்டும் அறிந்து செய்யுங்கள். சன்னலுக்கு அந்தப் பக்கம் தேயிலை, இந்தப் பக்கம் வெள்ளைக் கொத்து. வாசம் கனத்தால் சன்னலைத் திறந்து வையுங்கள்.